குடைக் கணக்கு

ஐப்பசி மழைக்கென்று 350 ரூபாய் கொடுத்து மகளுக்குப் புதுக் குடை வாங்கினேன். பூப்போட்ட குடை. பிடியில் விசில்கூட உண்டு. மூன்றாம் நாள் மாலை தொப்பலாக நனைந்து வந்து நின்றாள். கையில் குடை இல்லை.

"குடை எங்கேடி?"

"குடுத்துட்டேன்ப்பா!" முகத்தில் தங்க மெடல் வாங்கிய களை.

இதற்கெல்லாம் மூல காரணம் அவளுடைய டீச்சர். இரண்டாம் வகுப்புச் சுவரில் ஒரு மரம் வரைந்து ஒட்டி, 'அன்பு மரம்' என்று பெயரும் வைத்திருக்கிறார். பருவத்துக்கு ஒரு வேலை. பள்ளி திறக்கும் ஜூன் வெயிலில், காக்கை குருவிக்கு மொட்டை மாடியில் தண்ணீர். மழைக்காலத்தில், குடையில்லாத பிள்ளைக்குக் குடையில் இடம். பொங்கலுக்கு, சின்னதாகிப் போன, ஆனால் கிழியாத சட்டை. எங்கள் கோட்டக்குப்பத்தில் நோன்பு மாதத்தையும் விட முடியுமா? பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தால் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. செய்து முடித்து, பெற்றோர் கையெழுத்தோடு போனால் மரத்தில் ஒரு காகித இலை ஒட்டுவார்.

நான் பி.காம். வவுச்சர் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிற ஜாதி இல்லை. ஜூன் மாதம் மண்சட்டியில் தண்ணீர் வைத்ததை மாடியேறிப் பார்த்துவிட்டுத்தான் போட்டேன். இலையும் ஒட்டியாகிவிட்டது. மறுநாளும் சொம்போடு மாடியேறினாள்.

"அதான் இலை வாங்கியாச்சே?"

"காக்காவுக்கு இன்னிக்கும் தாகம் எடுக்கும்ப்பா."

அன்றைக்கே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"குடையில இடம்தானே குடுக்கச் சொன்னாங்க? முழுக் குடையையும் ஏன் குடுத்தே?"

"அவ வீடு அந்தப் பக்கம், நம்ம வீடு இந்தப் பக்கம். குடையைப் பாதியா வெட்ட முடியுமா?"

பதில் தெரியாதபோது அப்பாக்கள் என்ன செய்வார்கள்? கத்தினேன். காசின் அருமை, பொறுப்பு என்று அரை மணி நேரம். அந்தக் களை அணைந்து போனது. கடைசியில் மெல்லக் கேட்டாள். "அப்போ இனிமே யாருக்கும் எதுவும் குடுக்கக் கூடாதாப்பா?"

ராத்திரி தூக்கம் வரவில்லை. 2018 ஆகஸ்டில் கேரள வெள்ளத்தின்போது, நம் விழுப்புரத்துச் சிறுமி ஒருத்தி, சைக்கிள் வாங்க நாலு வருஷம் உண்டியலில் சேர்த்த சுமார் 9,000 ரூபாயை அப்படியே நிவாரணத்துக்குக் கொடுத்தாள். சைக்கிள் கம்பெனி ஒன்று கேள்விப்பட்டு அவளுக்குச் சைக்கிளே பரிசளித்தது. அதைப் பேப்பரில் படித்துக் கண் கலங்கியவன்தான் நானும். ஊரார் பிள்ளை சைக்கிளைக் கொடுத்தால் கண்ணீர், நம் பிள்ளை குடையைக் கொடுத்தால் கோபம்!

இருந்தாலும் 350 ரூபாய் ஆச்சே சார்? மறுநாள் சாயங்காலம் அந்த வீட்டைத் தேடிப் போனேன், பக்குவமாகக் கேட்டு வாங்கி வந்துவிடலாம் என்று.

ஓட்டு வீடு. குடை வீட்டுக்குள்ளேயே விரிந்திருந்தது. மூலையில் ஒழுகுகிற இடத்தில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் கீழே இரண்டு பள்ளிக்கூடப் பைகள், புத்தகங்கள். பிள்ளைகள் ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். குடை அவர்களுக்கு இல்லை, புத்தகத்துக்கு.

அந்தப் பெண்ணின் அப்பா மரக்காணம் உப்பளத்துக்கு விடியற்காலை பஸ் பிடித்துப் போகிறவர். மழை பிடித்தால் வேலை இல்லை. பாத்தியில் நிறுத்திய உப்புநீரை வெயில்தான் உப்பாக்க வேண்டும். மழைத் தண்ணீர் கலந்தால் பட்ட பாடு அத்தனையும் வீண். மழை விட்டதும் பாத்தியைச் சீர் செய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை இப்படிப்பட்ட குடும்பத்துக்கு அரசு தரும் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய். நம் பிள்ளைகளுக்கு 'மழை லீவு' என்றால் கொண்டாட்டம். அதே மழை இவருக்கும் லீவுதான். சம்பளம் இல்லாத லீவு.

"குடை குடுத்த பாப்பாவோட அப்பாவா? உக்காருங்க சார்" என்றவர், சட்டென்று எழுந்து கயிற்றை அவிழ்க்கப் போனார். "இந்தாங்க, இப்பவே மடக்கித் தந்துடறேன்."

"ஐயையோ, அதுக்கு வரலைங்க. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்" என்றேன். அன்றைய முதல் பொய். ஒரு கிளாஸ் டீயும், வேண்டாம் என்றாலும் கேட்காமல் ஒரு பை கல் உப்பும் கொடுத்து அனுப்பினார். உப்புப் பையைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு நனைந்தபடியே வந்தேன்.

'உள்ளே வருவது பற்று, வெளியே செல்வது வரவு.' கணக்குப் பதிவியலில் முதல் பாடம் இது. மனப்பாடம் செய்து பாஸும் பண்ணினேன். வெளியே போவது எப்படி வரவாகும் என்பது இப்போதுதான் கொஞ்சம் புரிகிற மாதிரி இருக்கிறது.

வாசலில் மகள். "குடை எங்கேப்பா?"

"அவங்ககிட்டயே இருக்கட்டும்னு விட்டுட்டேன். போய் டீச்சர்கிட்ட சொல்லு, அப்பாவுக்கும் ஒரு இலை ஒட்டச் சொல்லி."

கொஞ்ச நேரம் யோசித்தாள். "ஒட்ட மாட்டாங்கப்பா. நீ திருப்பிக் கேக்கத்தானே போனே?"

ஆடிட்டர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா?