அண்ணன்மார் வீடு

அமெரிக்காவில் கல்லூரி முடித்து இருபது முப்பது ஆண்டுகளான ஆண்களுக்கு ஒரு கடிதம் வரும். நீ வாழ்ந்த வீட்டின் கூரை ஒழுகுகிறது, தம்பிகளுக்கு வழிகாட்ட ஆளில்லை, பணம் கொடு, முடிந்தால் மாதத்தில் இரண்டு மாலைகளையும் கொடு என்று கேட்கும். நட்பைப் பற்றிப் பேசும், தலைமைப் பண்பைப் பற்றிப் பேசும். அந்த வீட்டுக்குள் வாரந்தோறும் வந்துபோகும் பெண்களைப் பற்றி அதில் ஒரு சொல் இருக்காது.

ஃபிரட்டர்னிட்டி என்று இந்த வீடுகளுக்குப் பெயர். கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட ஆண் மாணவர் சங்கங்கள். நியூயார்க் மாநிலத்து யூனியன் கல்லூரியில் 1825இல் தொடங்கிய கப்பா ஆல்ஃபாவிலிருந்து கணக்கிட்டால் இருநூறு ஆண்டுப் பழக்கம். கல்லூரிதோறும் கிளை, கிளைக்கு வீடு, ரகசியச் சடங்கு, ஆயுள் முழுக்க உறுப்பினர் என்ற தகுதி. இருபது வயதுப் பையன்கள் நடத்துவதுபோல வெளியில் தெரியும். ஆனால் பையன்கள் நான்கு வருடத்தில் போய்விடுகிறார்கள். பல இடங்களில் வீட்டுப் பத்திரமே பழைய உறுப்பினர்கள் நடத்தும் ஒரு நிறுவனத்தின் பெயரில் இருக்கிறது. கூரை மாற்றுவது, கணக்குப் பார்ப்பது, ஆலோசகராக உட்காருவது எல்லாம் அவர்கள்தான், சம்பளம் வாங்காமல். எனவே என் கோபத்தைப் பையன்களிடம் செலவழிக்கப்போவதில்லை. காசோலை எழுதுகிற ஐம்பது வயதுக்காரர்களோடுதான் எனக்குப் பேச்சு.

தமிழ் படித்தவளுக்குச் சொல்லை விட்டுவிட்டு நகர முடியாது. ஃபிராட்டர் என்றால் லத்தீனில் சகோதரன். நாம் ஃபிரட்டர்னிட்டியைச் சகோதரத்துவம் ஆக்கினோம். சகோதரன் என்ற வடசொல்லுக்குள் உதரம் இருக்கிறது, ஒரே வயிற்றில் பிறந்தவன் என்று பொருள். நம் ‘உடன்பிறப்பு’ ஆண்பால் பெண்பால் பார்ப்பதில்லை. படித்த கல்லூரியை அவர்கள் ஆல்மா மாட்டர் என்கிறார்கள். ஊட்டி வளர்க்கும் தாய். முன்னாள் மாணவரைக் குறிக்கும் அலும்னஸ், அப்படி ஊட்டி வளர்க்கப்பட்ட பிள்ளை. சொல்லெல்லாம் தாயும் வயிறும். வீட்டில் மட்டும் பெண் உறுப்பினராக முடியாது.

சட்டமும் வழிவிட்டது. கல்வியில் பால் பாகுபாட்டைத் தடைசெய்த ‘டைட்டில் நைன்’ 1972இல் வந்தது. இரண்டே ஆண்டில், 1974இல், இந்தச் சங்கங்களின் உறுப்பினர் சேர்க்கைக்கு விலக்குக் கொடுத்துவிட்டார்கள். பெண்களின் சொராரிட்டிகளுக்கும் அதே விலக்குத்தானே, பிறகென்ன என்பார்கள். வெள்ளிக்கிழமை இரவு அந்தத் தெருவில் நின்று பார்த்தால் தெரியும். பெரிய சொராரிட்டிகள் தங்கள் வீடுகளுக்குள் மதுவை விடுவதில்லை. ஆகவே விருந்து ஆண்கள் வீட்டில்தான். என்னிடம் முதுகலை படித்து இப்போது அங்கே ஆய்வு செய்யும் பெண் எழுதியிருந்தாள்: “வாசல்ல ஒரு பையன் தலையை எண்ணிக்கிட்டு நிக்கிறான் மேடம். பொண்ணுங்கன்னா உடனே உள்ள விட்டுடறான். வெளிப்பையன் வந்தா, கூட எத்தனை பொண்ணு வருதுன்னு கேக்குறான்.” நுழைவுச்சீட்டு யார் என்று அந்தப் பெண்களுக்குத் தெரியுமா? கோப்பையில் ஊற்றுவது அவன், அறைச் சாவி அவனிடம், திரும்பிப் போகும் வண்டியும் பெரும்பாலும் அவனுடையது. அவள் விருந்தாளி.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய மானிடவியலாளர் பெக்கி ரீவ்ஸ் சாண்டே, இந்த வீடுகளில் நடக்கும் கூட்டு வல்லுறவைப் பற்றி 1990இல் ஒரு நூல் எழுதினார். (சுமத்ராவின் மினாங்கபாவ் தாய்வழிச் சமூகத்தையும் ஆராய்ந்தவர் அவர், வேறு மாதிரி வீடுகளைப் பார்த்த கண்.) தனியொருவனின் வெறியாக அதை அவர் பார்க்கவில்லை. ஆண்கள் தங்களுக்குள் பிணைப்பை இறுக்கிக்கொள்ளும் சடங்காகப் பார்த்தார். அந்த நூல் வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. கடிதங்கள் இன்னும் கூரையைப் பற்றித்தான் பேசுகின்றன.

சரி, தம்பிகளையாவது இந்தப் பணம் காப்பாற்றுகிறதா? 2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் பீட்டா தீட்டா பை வீட்டில், புதிதாகச் சேரவந்த 19 வயது மாணவனை அடுத்தடுத்துக் குடிக்கவைத்தார்கள். அவன் படிக்கட்டில் விழுந்தான். ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் யாரும் உதவிக்கு அழைக்கவில்லை. மருத்துவமனையில் இறந்தான். அது பழைய உறுப்பினர் ஒருவர் பெரும்பணம் கொட்டிப் புதுப்பித்த மாளிகை. மது கூடாது என்று அங்கே விதி இருந்தது. ஆலோசகர் அதே வீட்டில் குடியிருந்தார். கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. அவன் விழுந்து கிடந்ததையும் தூக்கிப் போட்டதையும் அவை பதிவுசெய்தன. நன்கொடையாலும் தொண்டாலும் வாங்கக்கூடிய எல்லாமே அந்த வீட்டில் இருந்தது.

எல்லாச் சங்கங்களையும் ஒரே தராசில் வைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். வெள்ளையர் சங்கங்களின் கதவு அடைபட்டதால் கறுப்பின மாணவர்கள் தங்களுக்கெனச் சங்கங்கள் கட்டினார்கள். ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் 1913 ஜனவரியில் பிறந்த டெல்டா சிக்மா தீட்டா பெண்களின் முதல் பொதுச்செயல், அதே ஆண்டு மார்ச்சில் வாஷிங்டனில் நடந்த வாக்குரிமை ஊர்வலத்தில் நடந்துபோனதுதான். படிப்பு முடிந்த பிறகும் அவர்கள் உழைப்பு சங்கத்தின் வீட்டுக் கூரையோடு நிற்கவில்லை. நான் எதிர்ப்பது கதவை அடைத்தவர்களின் பரம்பரைச் சொத்தை. அதற்குத் தொண்டு என்ற பெயரையும் வரிச்சலுகையையும் சேர்த்துக் கேட்கிறார்கள். சங்கத்துக்கு நேராகக் கொடுக்கும் பணத்துக்கு வரிவிலக்கு இல்லை. கல்வி அறக்கட்டளை வழியாகக் கொடுத்தால் உண்டு. வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் அதே சலுகை வேண்டுமென்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் மீண்டும் மீண்டும் மசோதா கொண்டுவரச் செய்திருக்கிறார்கள். சொராரிட்டிகளும் இந்த முயற்சியில் கூட நிற்கின்றன. வருத்தமாகத்தான் இருக்கிறது.

வர்ஜீனியா வுல்ஃப் 1929இல் கேட்டது இந்தக் கணக்கைத்தான். ஆண்கள் கல்லூரிகளின் அஸ்திவாரத்தில் நூற்றாண்டுகளாகப் பொன் கொட்டப்பட்டபோது, நம் அம்மாக்கள் நமக்கு ஏன் ஒன்றும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று யோசித்தார். இங்கிலாந்தில் 1882இல் சட்டம் வரும்வரை மணமான பெண்ணின் சம்பாத்தியமும் சொத்தும் முழுதாக அவள் கையில் இல்லை. பழைய மாணவர் நன்கொடை என்பது பெருந்தன்மையின் அளவுகோல் என்று யாராவது சொன்னால், யார் கையில் எப்போதிலிருந்து பணம் இருந்தது என்று திருப்பிக் கேளுங்கள்.

கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு உங்களுக்கு எதற்கு இந்தக் கவலை என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நம் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். தெற்காசிய மாணவர்களுக்கென்றே 1990களிலிருந்து இத்தகைய சங்கங்கள் நடக்கின்றன. நாளைக்கு அந்தக் கடிதம் நம் வீட்டுப் பையன்களுக்கும் வரும், பக்கத்தில் மனைவியோ மகளோ இருப்பாள். வீட்டுப் பத்திரம் யார் பெயரில், வீட்டை நடத்தும் நிறுவனத்தில் எத்தனை பெண்கள், அந்த வீட்டின் மீது பெண்கள் கொடுத்த புகார்கள் எத்தனை என்று அவள் கேட்க வேண்டும். 2024 டிசம்பரில் வந்த புதிய சட்டப்படி, சேரவந்தவர்களை வதைத்த சங்கங்களின் பெயரைக் கல்லூரிகள் வெளியிட வேண்டும். விருந்தாளியாக வந்த பெண்ணுக்கு நடந்தது அந்தப் பட்டியலில் சேராது.

அதைப் பெண்களே வெளியே கொண்டுவர வேண்டியிருக்கிறது. பென்சில்வேனியாவின் ஸ்வார்த்மோர் கல்லூரியில், யூதப் பெண்களை ஒதுக்குகிறது என்பதற்காக மாணவிகள் தங்கள் சொராரிட்டிகளை 1933இல் தாங்களே வாக்களித்து நீக்கினார்கள். அந்தப் போராட்டத்தை நடத்தியவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்கத் தேசியப் பெண்கள் அமைப்பின் தலைவரான மோலி யார்டு. ஆண்கள் தங்கள் சங்கங்களை வைத்துக்கொண்டார்கள். 86 ஆண்டுகள் கழித்து, 2019 வசந்தத்தில், அவற்றில் ஒரு சங்கத்தின் பழைய கூட்டக் குறிப்புகள் கசிந்தன. வல்லுறவை வேடிக்கையாகப் பேசும் பக்கங்கள். மாணவர்கள் பாய் தலையணையோடு அந்த வீட்டுக்குள் போய் உட்கார்ந்தார்கள். சில நாட்களில் மிச்சமிருந்த இரண்டு சங்கங்களும் கலைந்தன.