சித்தம் சிதைந்தபின் விசாரணை

செப்டம்பர் 11 தாக்குதல் வழக்கின் எதிரிகளில் ஒருவரான ரம்ஸி பின் அல்ஷிப், விசாரணைக்கு நிற்கத் தக்க சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கண்டு, குவாண்டனாமோ ராணுவ நீதிபதி 2023-இல் அவரை வழக்கிலிருந்து பிரித்துவைத்ததைப் பைத்தியக்கார வேஷத்தின் வெற்றியாகச் சித்திரிக்கும் நண்பர், அம்முடிவுக்கு ஆதாரமாயிருந்தது ராணுவ மருத்துவக் குழுவின் நிர்ணயமே என்பதை ஏனோ சொல்லாமல் விட்டுவிட்டார். சிறையறை அதிர்கிறது, ஓசைகள் தூக்கத்தைக் கெடுக்கின்றன என்று அந்த மனிதர் வருஷக்கணக்காக முறையிட்டு வந்திருக்கிறார். இது வேஷமானால், 2006-இல் குவாண்டனாமோவுக்கு வருமுன்பே, ரகசியச் சிறைகளில் அவரை உறங்கவிடாமல் வதைத்து, நெடுங்காலம் தனிமையில் அடைத்துவைத்திருந்த சி.ஐ.ஏ.வின் மனோதத்துவ நிபுணர்களே, அவர் மனநிலை குலைந்ததற்கு அத்தனிமையைக் காரணங்காட்டியதாக அமெரிக்க செனட் குழுவின் 2014 அறிக்கை கூறுகிறதே, அதற்கு நண்பரின் சமாதானம் என்ன?

அவர் விடுதலையாகிவிடவில்லை, சித்தம் தெளிந்தால் விசாரணை தொடரலாம். ஏறத்தாழ 3,000 உயிர்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இத்தனை வருஷமாக ஒரு தீர்ப்புக்காகக் காத்திருப்பது என் நெஞ்சையும் அறுக்கிறது. அந்தத் தீர்ப்புக்கு வழியில்லாமல் செய்தவர்கள், கூண்டில் நிற்கவேண்டியவரின் புத்தியை விசாரணைக்கு முன்பே சிதைத்த அதிகாரிகள். அதற்காக அவர்களில் ஒருவர்மீதும் வழக்கில்லை என்பதைக் குறித்தல்லவா நண்பர் கோபிக்க வேண்டும்?