வாலாட்டாத உயிர்



நாம் வாசிக்கும் வேதாகமத்தின் அறுபத்தாறு நூல்களிலும் வீட்டுப் பூனையைப் பற்றிய பேச்சு இல்லை. சிங்கம் உண்டு, கழுதை உண்டு, நாய் உண்டு, அடைக்கலான் குருவியும் உண்டு. அதனால்தானோ என்னவோ, இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது ஆட்டையும் மாட்டையும் சொல்லும் நாம் பூனையைக் கடந்து போய்விடுகிறோம். அது நமக்குக் குறுக்கே வந்தால் மட்டும் நின்றுவிடுகிறோம். சகுனம் பார்ப்பதை விட்டுவிட்டோம் என்று சாட்சி சொல்லும் வீடுகளிலும் இதைக் கண்டிருக்கிறேன்.

எண்ணாகமம் 22ஆம் அதிகாரத்தில் பிலேயாம் தன் கழுதையை மூன்று தரம் அடிக்கிறான். அவனுடைய கண்கள் திறக்கப்பட்டபின் தூதனானவர் அவனிடம் முதலாவது கேட்டது அவன் போகும் வழியைப் பற்றியதன்று. கழுதையை ஏன் மூன்று தரம் அடித்தாய் என்பதே. அடிபட்ட மிருகத்தின் கணக்கும் கர்த்தருடைய சமுகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அந்தக் கழுதைக்கு வாய் திறக்கப்பட்டது. நம் தெருக்களில் அடிபடும் உயிர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

2016ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் சென்னையில் ஒரு நாயை மாடியிலிருந்து வீசி எறியும் காணொளி நாடெங்கும் பரவியது உங்களுக்கு நினைவிருக்கலாம். வீசியவர்களும் அதைப் படம்பிடித்தவர்களும் படித்த இளைஞர்கள். நாய் இறந்திருக்கும் என்றே எல்லாரும் எண்ணினார்கள். ஆனால் அது காயங்களோடு உயிருடன் கண்டெடுக்கப்பட்டது. தேடிச் சென்றவர்களைக் கண்டு வாலாட்டியது என்று செய்திகள் கூறின. அதற்குப் பத்ரா என்று பெயரிட்டார்கள். சிகிச்சை பெற்று, ஒரு நல்ல வீட்டையும் அடைந்தது. அந்த வாலாட்டல்தான் பலருடைய உள்ளத்தை உடைத்தது என்று நினைக்கிறேன்.

அது வாலாட்டாமல் சீறியிருந்தால்? மூலையில் ஒடுங்கி, தொட வந்த கையைக் கடித்திருந்தால்? அப்போதும் நாம் அவ்வளவு அன்பு காட்டியிருப்போமா? வதைக்கப்பட்ட பூனையை எடுத்து வளர்ப்பவர்கள் சந்திப்பது இந்தக் கேள்வியைத்தான்.

சிதம்பரத்தில் நம் சபைக் குடும்பம் ஒன்று, முதுகில் கொதிநீர் ஊற்றப்பட்ட பூனை ஒன்றை எடுத்து வந்தது. கால்நடை மருத்துவரிடம் காட்டினார்கள், புண் ஆறியது. மூன்றாவது வாரத்தில் அந்தச் சகோதரி என்னிடம், "ஐயா, இவ்வளவு செய்தும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. கையை நீட்டினால் கீறுகிறது. நன்றிகெட்ட பூனை" என்று சலித்துக்கொண்டார்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தமில்லை. தோல் ஆறும் காலத்திற்குள் பயமும் ஆறிவிடும் என்று நாம் எல்லாருமே எண்ணிக்கொள்கிறோம்.

ஒளிந்துகொள்வது நன்றிகேடு அன்று. பூனைக்குத் தெரிந்த மருந்து அது. நெதர்லாந்து நாட்டின் உட்ரெக்ட் நகரத்து ஆய்வாளர்கள், காப்பகத்துக்குப் புதிதாக வந்த 19 பூனைகளில் ஒரு பகுதிக்கு மட்டும் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டியைக் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான அவர்களுடைய முடிவு: பெட்டி கிடைத்த பூனைகளே விரைவில் அமைதியடைந்தன. ஒரு வெறும் பெட்டி! ஆகவே கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே எடுத்து மடியில் வைத்துக் கொஞ்சுவது, நம்முடைய ஆசைக்காக நாம் செய்வதேயன்றி அதற்குச் செய்யும் நன்மையன்று. ஆள் நடமாட்டம் குறைந்த ஓர் அறை, பக்கவாட்டில் வழி வெட்டிய அட்டைப்பெட்டி, ஒரு தட்டில் மணல், நாள்தோறும் அதே வேளையில் உப்பிடாமல் வேகவைத்த மத்தி மீன், பக்கத்தில் தண்ணீர். உணவை வைத்துவிட்டுத் தரையில் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில் திரும்பி அமர்ந்திருங்கள். உற்றுப் பார்க்க வேண்டாம். பூனைக்கு அது மிரட்டல். கண்களை மெல்ல மூடித் திறக்கலாம். அவ்வாறு செய்யும் மனிதரைப் பூனைகள் எளிதாக அணுகுகின்றன என்று இங்கிலாந்தில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நான் வேதம் வாசித்தபடியே அப்படி அமர்ந்திருக்கச் சொன்னேன். சங்கீதங்களுக்கு அதைவிட அமைதியான சபை கிடைப்பது அரிது.

ஓர் எச்சரிக்கை: வலியில் துடிக்கிறதே என்று பாரசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டைக்கூடக் கொடுத்துவிடாதீர்கள், பூனையின் உடலால் அதைத் தாங்க முடியாது, உயிரையே பறித்துவிடும். இரண்டு மூன்று நாட்கள் உண்ணாமலிருந்தால் ஈரல் பழுதாகக்கூடும் என்பதால் காத்திராமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்பு நீரால் 15 நிமிடம் கழுவிவிட்டு, தாமதமின்றி ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரியின் பூனை நான்காம் மாதத்தில் தானாக வெளியே வந்து அவர்கள் புடவை ஓரத்தை முகர்ந்தது. மடியில் இன்றுவரை ஏறவில்லை. இனி ஏறாமலே போகலாம். இதைத் தோல்வி என்று நான் கருதவில்லை. வீட்டாரின் காலடி ஓசை கேட்டும் ஓடாமல் உண்ணுகிறதே, அது பெரிய காரியம்.

இதை எழுதுகையில் வேறு சிலருடைய முகங்களும் நினைவுக்கு வருகின்றன. அடிக்கும் வீட்டிலிருந்து தப்பி வந்த பெண்கள் நம் நடுவில் உண்டு. இரண்டு ஞாயிறு கடந்ததும் "இன்னும் ஏன் சோர்ந்த முகம், கர்த்தர் விடுவித்தாரே" என்று கேட்கிறோம். நாம் செய்த உதவிக்கு அவர்களுடைய புன்னகையைக் கூலியாகக் கேட்கிறோம். கட்டிலுக்கு அடியில் கையை விடுகிறவர்களுக்கும் நமக்கும் அதிக வித்தியாசமில்லை.

துன்புறுத்தியவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அவர் அண்டைவீட்டாராகவே இருப்பார். சில வேளைகளில் அவர் நம்முடைய பிள்ளையாகவும் இருக்கக்கூடும். 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிக்கும் அபராதம் 10 முதல் 50 ரூபாய் மட்டுமே. ஒரு கிலோ மத்திக்குக்கூடப் போதாது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு, விலங்கைக் கொல்வதற்கும் ஊனமாக்குவதற்கும் ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. ஆனால் வாலில் டப்பாவைக் கட்டி விரட்டும் பத்து வயதுப் பையனுக்குத் தேவை காவல் நிலையம் அன்று. அவன் கையைப் பிடித்து நிறுத்தும் ஒரு பெரியவர். யாத்திராகமம் 23ஆம் அதிகாரம் நம்மைப் பகைக்கிறவனுடைய கழுதையையும் தூக்கிவிடச் சொல்கிறது. அண்டைவீட்டாரோடு பேச்சு வார்த்தை இல்லை என்பது அவருடைய முற்றத்தில் துடிக்கும் உயிரை விட்டுவிடக் காரணமாகாது.

நம் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் 1867இல் தருமசாலையைத் தொடங்கி உயிர்களிடத்து இரக்கத்தைப் போதித்தார். நாம் மீன் உண்ணும் சபை. அவர் வழி வேறு. ஆயினும் இந்த ஒரு பாடத்தில் நம் அயலார் நம்மைவிட முந்திக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

மீன் கடைகளுக்குப் பின்புறம் இப்போது இன்னும் இரண்டு பூனைகள் காலில் காயத்தோடு திரிகின்றன. ஒன்றை வைத்துக்கொள்ள ஒரு குடும்பம் முன்வந்திருக்கிறது. மற்றொன்றுக்கு ஓர் அறை தரக்கூடியவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என்னைப் பாருங்கள். உறுதியான அட்டைப்பெட்டிகளும் பழைய துண்டுகளும் இருந்தால் எடுத்து வாருங்கள்.