கணக்கை 1937-லிருந்து எழுதுவோம்

செம்பூரில் நாலு தமிழர்கள் கூடி சினிமா வசனம் பற்றிப் பேசினால் ‘பராசக்தி’யில் (1952) தொடங்கி அங்கேயே முடித்துவிடுவார்கள். கலைஞர் பெரிய ஆள்தான், மறுக்கவில்லை. ஆனால் என் கட்சி வேறு. கணக்கை 1937-ல் வந்த ‘அம்பிகாபதி’யிலிருந்து எழுத வேண்டும். அதற்கு வசனம் எழுதியவர் இளங்கோவன். செங்கல்பட்டுக்காரர், இயற்பெயர் தணிகாசலம், மணிக்கொடி காலத்து எழுத்தாளர்.

அதற்கு முன்னால் என்ன இருந்தது? முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ 1931-ல் இதே பம்பாயில்தான் எடுக்கப்பட்டது (இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூடத் தெரிவதில்லை!). டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், எதிரில் இருப்பவர் தெலுங்கில் பதில் சொல்வார். அப்புறம் வந்த படங்களிலும் பாட்டுதான் சாப்பாடு, பேச்சு வெறும் ஊறுகாய்.

‘அம்பிகாபதி’யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் அமெரிக்கர், தமிழ் தெரியாது. ரோமியோ ஜூலியட் மாதிரி காதல் காட்சி வேண்டும் என்றார். இளங்கோவன் அதை நம் தமிழாக்கிக் கொடுத்தார். ஜனங்கள் முதல்முறையாக வசனத்துக்காகவும் காதைக் கொடுத்தார்கள்.

பிறகு ‘கண்ணகி’ (1942). "ஹிந்தி, மராத்தி, இங்கிலீஷ் நடுவுல எங்க பசங்க வாயில செந்தமிழ் எங்க சார் நுழையும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் கண்ணாம்பா. அந்த அம்மாவின் தாய்மொழி தெலுங்கு. பாண்டியன் சபையில் அவர் நியாயம் கேட்பதைப் பாருங்கள். பேசுகிறவர் எங்கே மூச்சு விடுவார், எங்கே குரலை உயர்த்துவார் என்று தெரிந்து எழுதிய தமிழ் அது. வாயில் நுழையாததற்குப் பிள்ளைகளை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. தனியாக இருக்கும் காதலர்கள்கூட சபையில் பேசுவது போலப் பேசுவார்கள். வசனம் முடியும்வரை கேமரா கையைக் கட்டி நிற்கும் வழக்கமும் அங்கேதான் வேர்விட்டது என்பேன்.

1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. பாகவதர் பெயரைச் சொல்லாத ஆளில்லை. அதற்கும் வசனம் இளங்கோவன்தான், அதைச் சொல்லத்தான் ஆளில்லை. நம் செம்பூர் ஆர்.கே. ஸ்டுடியோ 2019-ல் கோத்ரெஜ் கைக்குப் போனபோதும் எங்கும் ராஜ் கபூர் பேச்சுதான். ‘ஆவாரா’ எழுதிய கே.ஏ. அப்பாஸை எத்தனை பேர் நினைத்தோம்?

‘கண்ணகி’ இணையத்தில் கிடைக்கிறது. ஒலி கொஞ்சம் கரகரக்கும். முழுப்படத்துக்குப் பசங்க உட்கார மாட்டார்கள், சபைக் காட்சியை மட்டுமாவது போட்டுக் காட்டுங்கள்.