குறுக்கே பேசியது யார்?

எதிர் வீட்டு மாமி சென்ற மாதம் ஒரு நாள் காலையில் என் வீட்டுக்கு வந்தாள். வழக்கமாக வாசலிலிருந்தே, "என்னடி, காப்பி ஆயிற்றா?" என்று குரல் கொடுத்துக்கொண்டு வருகிறவள், அன்று வாய் திறக்காமல் வந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

"டிக்கெட்டை ரத்து செய்துவிடும்படி பிள்ளையிடம் சொல்லிவிட்டேன்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமியின் ஒரே பெண் கனடாவில், டொராண்டோவில் இருக்கிறாள். அவளுக்கு இது தலைப் பிரசவம். வளைகாப்புக்குத்தான் போக முடியவில்லை, பிரசவத்துக்காவது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று மாமி இரண்டு மாதமாக லேகியம், பருப்புப் பொடி, பழைய நூல் புடவைத் துண்டுகள் என்று பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தாள்.

"ஏன் மாமி? உங்களுக்கு உடம்புக்கு ஏதாவது...?"

"என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. நான் வருவதில் அவளுக்கு இஷ்டமில்லை. டெலிபோனில் நான் பேச ஆரம்பித்தால் குறுக்கே பேசுகிறாள். நான் நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுகிறாள். எதைக் கேட்டாலும் யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை, 'நான் வரட்டுமாடி?' என்று கேட்டேன். பதிலே இல்லை! ஒரே நிசப்தம். 'சரி, பார்க்கலாம்' என்று சொல்லிவிட்டு நானும் வைத்துவிட்டேன். பெற்றவளிடம் யோசித்துப் பேசும்படி ஆகிவிட்டது பார்!"

மாமி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு என்ன சமாதானம் சொல்வதென்று தெரியவில்லை.

நல்லவேளையாக, அந்த வாரம் என் தங்கை பிள்ளை எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தான். அலுவலகங்களுக்கு இன்டர்நெட் டெலிபோன் அமைத்துக் கொடுப்பதுதான் அவனுக்கு உத்தியோகம். உள்ளே இட்டிலி சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் காதில் இதெல்லாம் விழுந்திருக்கிறது. கையை அலம்பிக்கொண்டு வந்து, "பெரியம்மா, அந்த மாமி வீட்டு டெலிபோனை ஒரு தடவை பார்க்கலாமா?" என்றான்.

மாமி வீட்டு டெலிபோனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மாமிக்குக் கைபேசி ஒத்துவராது. கண்ணாடித் தகட்டில் விரல் வைத்தால் எங்கோ போய்விடுகிறது என்பாள். அதனால் மாப்பிள்ளை, ரிஸீவரும் பொத்தானும் உள்ள மேஜை டெலிபோன் இரண்டை ஜோடியாக வாங்கி, ஒன்றை மாம்பலத்திலும் ஒன்றை டொராண்டோவிலும் வைத்திருந்தார். பார்த்தால் பழைய டெலிபோன் மாதிரிதான் இருக்கும். ஆனால் அதன் வால் டெலிபோன் கம்பத்துக்குப் போகாது. இன்டர்நெட் ரௌட்டருக்குப் போகும்.

அன்று இரவே, பெண் அங்கே காலையில் எழுந்ததும், பையன் மாமியைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னான். நலம் விசாரித்த பிறகு ஒரு சின்ன விளையாட்டு: மாமி 'ஒன்று' என்றதும் பெண் 'இரண்டு' என்று சொல்ல வேண்டும், அது காதில் விழுந்தவுடன் மாமி 'மூன்று' என்று சொல்ல வேண்டும். கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து எண்ணினால் கடகடவென்று ஓடும். இங்கே ஒவ்வோர் எண்ணுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒரு விநாடி இடைவெளி விழுந்தது. பிறகு பெண்ணைத் தணிந்த குரலில் பேசச் சொன்னான். மாமி ரிஸீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "ஒன்றுமே கேட்கவில்லையே!" என்றாள்.

"மாமி, உங்கள் பெண் யோசித்துப் பேசவில்லை. டெலிபோன்தான் யோசிக்கிறது" என்றான் பையன்.

அவன் டெலிபோனின் ஸெட்டிங்க்ஸ் பக்கத்தைத் திறந்து எனக்குக் காட்டியதை, சகோதரிகளே, உங்களுக்கும் அப்படியே சொல்லிவிடுகிறேன். வெளியூரில் பிள்ளையோ பெண்ணோ இருக்கிற எந்த வீட்டுக்கும் இது பயன்படும்.

முதலாவது, கோடெக். நம் குரலை எண்களாக மாற்றிச் சுருக்கி அனுப்பி, மறுபக்கத்தில் மறுபடியும் குரலாக்கும் முறைக்குத்தான் இந்தப் பெயர். இதில் பல வகை உண்டு. 1972-ல் வந்த ஜி.711 என்பது மூத்தது. குரலை விநாடிக்கு 8,000 தடவை அளந்து, 64 கிலோபிட்டாக அனுப்பும். இந்தியாவில் அதன் 'ஏ-லா' என்ற வகை. அமெரிக்கா, கனடா, ஜப்பானில் 'மியூ-லா' என்ற வகை. 1996-ல் வந்த ஜி.729 அதையே 8 கிலோபிட்டாகச் சுருக்கிவிடும். மாமி வீட்டுப் பட்டியலில் முதலில் இருந்தது இந்த ஜி.729தான்.

"எட்டில் ஒரு பங்கு! சிக்கனம் நல்லதுதானே?" என்று கேட்டேன்.

"கத்தரிக்காயை வற்றல் போட்டால் தபாலில் அனுப்பலாம், பெரியம்மா. ஆனால் தண்ணீரில் எத்தனை நேரம் ஊற வைத்தாலும் அது மறுபடி பிஞ்சுக் கத்தரிக்காய் ஆகுமா?" என்றான்.

அது மட்டுமல்ல. குரல் மொத்தமாகப் போவதில்லை. பெரும்பாலும் 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாக, விநாடிக்கு 50 பொட்டலமாகப் போகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் விலாசம் முதலிய விவரங்களுக்கு 40 பைட் ஆகிறது. ஜி.729-ல் உள்ளே இருக்கும் குரலோ 20 பைட்தான். கடிதத்தைவிட உறை கனம்! ஆக, உறையோடு சேர்த்தால் 8 என்பது 24 கிலோபிட் ஆகிறது. 64 என்பது 80 ஆகிறது. மாமி வீட்டு இன்டர்நெட் 40 மெகாபிட். அதாவது 80-ஐப் போல் 500 மடங்கு. பிறகு சிக்கனம் எதற்கு?

அப்படியானால் எதை முதலில் வைக்கலாம்? 2012-ல் வெளியான ஓபஸ் என்பது இரண்டு டெலிபோன்களிலும் இருந்தால் அதுவே உத்தமம். இன்டர்நெட் சுமாராக இருந்தால் 6 கிலோபிட்டுக்கு இறங்கவும், நன்றாக இருந்தால் மேலே ஏறவும் அதற்குத் தெரியும். ஒரு பொட்டலம் வழியில் தொலைந்தால் ஈடு செய்ய, அடுத்த பொட்டலத்திலேயே அதன் சுருக்கப் பிரதியையும் வைத்து அனுப்ப அதில் ஏற்பாடு உண்டு. ஓபஸ் இல்லாவிட்டால் ஜி.722. இது 1988-ல் வந்தது; ஜி.711-க்கு ஆகும் அதே 64 கிலோபிட்தான். ஆனால் பழைய டெலிபோன் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டும் கொண்டுபோகிறது என்றால், இது 7,000 வரை கொண்டுபோகிறது. 'ச', 'ஸ', 'ஃப' போன்ற ஒலிகளின் கூர்மை அந்த மேல் பகுதியில்தான் இருக்கிறது. பழைய டெலிபோனில் 'சீனி'யா 'தீனி'யா என்று நாம் தடுமாறுவது அதனால்தான். ஜி.722-க்கு அடுத்து ஜி.711, கடைசியில் ஜி.729.

ஒன்று ஞாபகமிருக்கட்டும். ஸம்பாஷணை தொடங்குமுன் இரண்டு டெலிபோன்களும் தங்கள் தங்கள் பட்டியலை ஒன்றுக்கொன்று காட்டி, இரண்டுக்கும் பொதுவாக உள்ளதையே ஏற்றுக்கொள்ளும். ஆகையால் இங்கே மட்டும் மாற்றினால் போதாது; அங்கேயும் மாற்ற வேண்டும். பொதுவாக ஒன்றுமே இல்லாவிட்டால் கால் சேராது.

இரண்டாவது, ஜிட்டர் பஃபர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். பொட்டலங்கள் கிளம்பும்போது வரிசையாகக் கிளம்பினாலும் வந்து சேரும்போது முன்னும் பின்னுமாக வருகின்றன. எல்லோரும் வந்து உட்காரட்டும் என்று டெலிபோன் சற்றுக் காத்திருந்து பிறகுதான் பரிமாறுகிறது. காத்திருக்காவிட்டால் பின்னால் வந்தவருக்கு இலை இல்லை. பேச்சில் வார்த்தைகள் உதிரும். அதிகமாகக் காத்திருந்தால் சாப்பாடு ஆறிவிடும், பேச்சு தாமதமாகும். மாமி வீட்டில் இது 300 மில்லி விநாடி என்று நிலையாக வைக்கப்பட்டிருந்தது. ஒளி கண்ணாடி இழையில் விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். அப்படியும் டொராண்டோ வரை கடலையும் கண்டத்தையும் தாண்டிப் போவதற்கே 100 மில்லி விநாடிக்கு மேல் ஆகிவிடும். அதோடு இந்த 300. போக ஒரு தடவை, வர ஒரு தடவை. ஒரு விநாடி இடைவெளிக்குக் கணக்கு சரியாகிவிட்டதல்லவா?

ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது என்றும், 400-ஐத் தாண்டக் கூடாது என்றும் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கம் சொல்கிறது. தாண்டினால் என்ன ஆகும்? பதில் வரவில்லையே என்று நாம் மறுபடி வாயைத் திறப்போம். அதே சமயம் அவர்கள் பதில் வந்து சேரும். இரண்டு பேருக்கும் மற்றவர் குறுக்கே பேசுகிறாற்போல் இருக்கும். உண்மையில் யாருமே குறுக்கே பேசியிருக்க மாட்டார்கள்! பையன் அதை 'அடாப்டிவ்' என்று மாற்றினான். அப்படி வைத்தால், தேவையான அளவுக்கு மட்டும் டெலிபோன் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பொல்லாதது. அதற்கு 'ஸைலன்ஸ் ஸப்ரெஷன்' என்று பெயர். பேச்சில்லாத நேரத்தில் பொட்டலம் அனுப்பாமல் மிச்சம் பிடிக்கும் ஏற்பாடு. பேசுகிறார்களா இல்லையா என்பதை இயந்திரம் ஒலியின் அளவைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. உரக்கப் பேசினால் பேச்சு. தணிந்து பேசினால், சில சமயம் அதன் கணக்கில் அது மௌனம்! வார்த்தையின் முதல் எழுத்தை விழுங்கிவிடுவதும் உண்டு. இதை இரண்டு வீட்டிலும் நிறுத்திவிட்டான்.

நான்காவது, எதிரொலி. நம் குரலே திரும்பி நம் காதில் விழுந்தால் நம் டெலிபோனைத் திட்டக் கூடாது. பெரும்பாலும் மறுபக்கத்து ஸ்பீக்கரிலிருந்து நம் குரல் அங்குள்ள மைக்கில் விழுந்து திரும்பி வருகிறது. அங்கே சத்தத்தைக் குறைக்கச் சொல்லி, 'எக்கோ கேன்ஸலேஷன்' என்பதை அங்கே போடச் சொல்ல வேண்டும்.

இதோடு இன்னும் சில யோசனைகள். எதையும் மாற்றுமுன் பழைய பக்கத்தைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றி, பேசிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். முடிந்தால் டெலிபோனை வைஃபையில் விடாமல் ரௌட்டரில் ஒயர் போட்டே இணையுங்கள். பேசுகிற நேரத்தில் வீட்டுப் பிள்ளைகள் சினிமா இறக்கிக்கொண்டிருந்தால் எந்தக் கோடெக்கும் காப்பாற்றாது. 'ஒன்றை அழுத்தவும்' என்று கேட்கும் இடத்தில் பொத்தான் வேலை செய்யாவிட்டால், டி.டி.எம்.எஃப். என்ற இடத்தில் ஆர்.எஃப்.சி. 2833 அல்லது 4733 என்று இருக்கிறதா என்று பாருங்கள்; சுருக்கும் கோடெக்கில் அந்த மணி ஒலி சிதைந்துபோகும். டெலிபோனோடு வந்த பழைய பாஸ்வேர்டை மாற்றவும் மறக்காதீர்கள்.

"இப்படியெல்லாம் யார் அமைத்தது? மாப்பிள்ளையா?" என்று மாமி சற்றுக் கோபமாகவே கேட்டாள்.

"அவர் பேரில் தப்பில்லை மாமி" என்றான் பையன். "முதலில் உங்கள் வீட்டு இன்டர்நெட் மிகவும் மெலிசாக இருந்ததாம். அன்றைக்கு இதுதான் சரி. பிறகு கனெக்ஷனை மாற்றினீர்கள். இதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை."

ரேஷன் காலத்தில் ஒரு ஸ்பூன் சர்க்கரை போட்டுப் பழகிய கை, ரேஷன் போன பிறகும் இரண்டாவது ஸ்பூனுக்குப் போகாது. அதுபோலத்தான் இதுவும்.

டொராண்டோ டெலிபோனில் மாற்ற வேண்டியதைப் பையன் மாப்பிள்ளைக்கு எழுதி அனுப்பினான். அரை மணி கழித்து மறுபடி மணி அடித்தது. மாமி எடுத்தாள்.

"அம்மா!"

மாமி ஒரு கணம் திகைத்துவிட்டாள். "ஏன்டி, சளி பிடித்திருக்கிறதா? மூச்சு கேட்கிறதே!" என்றாள்.

"நாலு நாளாகப் பிடித்திருக்கிறது. உனக்கு இன்றைக்குத்தான் தெரிந்ததா?"

நானும் பையனும் சமையலறைப் பக்கம் நகர்ந்தோம். இருந்தாலும் காது கேட்காமலா போகும்? மாமி மெதுவாகக் கேட்டாள்: "அன்றைக்கு நான் வரட்டுமா என்று கேட்டேனே, ஏன் பேசாமல் இருந்தாய்?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்பதை மாமி பிற்பாடு என்னிடம் சொன்னாள். பெண் அன்று பேசாமல் இருக்கவில்லை. "வா அம்மா, எனக்குப் பயமாக இருக்கிறது" என்று சொல்லியிருக்கிறாள். அழுகையை அடக்கிக்கொண்டு சொன்னதால் குரல் எழும்பவில்லை. அதை மௌனம் என்று தீர்மானித்து இயந்திரம் அனுப்பவில்லை. அம்மாவிடமிருந்து வந்ததோ, "சரி, பார்க்கலாம்" என்ற இரண்டு வார்த்தை. அம்மாவுக்கு வர மனமில்லை என்று அவளும் ஒரு வாரமாக மனத்துக்குள் குமைந்திருக்கிறாள்.

டிக்கெட் என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? மாமியின் பிள்ளை அம்மாவின் சுபாவம் தெரிந்தவன். ரத்து செய்வதாகச் சொல்லிவிட்டு, செய்யாமலே இருந்துவிட்டான். மாமி போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. அவள் வீட்டுச் சாவி என்னிடம் இருக்கிறது. துளசிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு.

உங்கள் வீட்டிலும் கடல் கடந்து இருக்கிறவர்கள் சமீப காலமாக ஒரு மாதிரியாகப் பேசுகிறார்கள் என்று தோன்றினால், மனஸ்தாபப்படுவதற்கு முன் ஒன்று, இரண்டு, மூன்று என்று மாறி மாறி எண்ணிப் பாருங்கள்.