குருவிக்கு இறகு வரையாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு. கோபம் வந்தாலும் முழுசா வாசிச்சிட்டுத் திட்டுங்க.

போன கிழமை நம்மட ஊர்க் குழுமத்தில் தரம் 10 படிக்கும் தம்பி ஒருவர் களப்போரத்தில் எடுத்த படமொன்றைப் போட்டிருந்தார். தூரத்தில் நின்ற சின்னப் பறவை. வெட்டிப் பெரிதாக்கியதால் புள்ளி புள்ளியாக இருந்தது. "இது குருவியா, கூழாங்கல்லா?" என்று சிரித்தார்கள். மறுநாள் ஒரு சகோதரர் அதை ஏஐ செயலியில் போட்டு 'காப்பாற்றி'க் கொடுத்தார். ஒவ்வொரு இறகும் எண்ணலாம் போல இருந்தது. கீழே ஒரே மாஷா அல்லாஹ்.

அந்த இறகுகள் அந்தப் பறவையுடையவை அல்ல. இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கணக்கைப் பாருங்க. 24 மெகாபிக்சல் படம் என்றால் 6000க்கு 4000. அதில் 1200க்கு 800 துண்டை வெட்டினால் மிஞ்சுவது 25இல் ஒரு பங்கு. அதற்குள் பறவையின் சொண்டுக்குக் கிடைப்பது சில பிக்சல்தான். கெமரா பதியாத விவரத்தை எந்தச் செயலியாலும் மீட்க ஏலாது. தான் பழகிய மற்றப் படங்களை வைத்து, இப்படித்தான் இருந்திருக்கும் என்று ஊகித்து வரைகிறது. அவ்வளவுதான்.

"படம்தானே சேர், வடிவா இருந்தாப் போதாதா?" என்று கேட்டார்கள். போதாது. அது மணல் உப்புக்கொத்தி. வலசைக் காலத்தில் நம்மட கரைகளுக்குச் சிறியது, பெரியது என்று இரண்டு வகை வரும். பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். சொண்டின் நீளத்தையும் கால் நிறத்தையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். தம்பியின் படத்தில் சொண்டு எங்கே முடிகிறதென்றே தெரியவில்லை. செயலியோ நீளமான சொண்டொன்றை முடித்துக் கொடுத்தது. அதை நம்பி மூன்று பேர் "பெரியதுதான்" என்று அடித்துச் சொன்னார்கள்!

ஆய்வுகூடத்தில் அளவெடுக்காமல் பக்கத்து மேசையைப் பார்த்து எழுதிய பிள்ளைக்கு நாங்கள் புள்ளி போடுவதில்லை. பெரியவர்கள் அதையே செய்தால் லைக் போடுவோமா? "தெளிவில்லை, எந்த வகையென்று சொல்ல ஏலாது" என்பதும் ஒரு பதில்தான்.

எடிட்டிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெளிச்சத்தைக் கூட்டுங்க, நிழலைத் திறங்க, நிறத்தைச் சரிசெய்ங்க, புள்ளிகளைக் கொஞ்சம் குறைங்க. இதெல்லாம் பதிவானதை எடுத்துக்காட்டும் வேலை. பிறகு படத்தைச் சிறிதாகவே போடுங்க. கைபேசித் திரைக்கு 1200 பிக்சல் அகலம் தாராளம். வெட்டியது என்று ஒரு வரி எழுதுங்க. மூலப் படத்தை அழிக்காதீங்க.

இன்னொன்று. மங்கல் படத்தைப் பார்த்துச் சிரித்தால் அடுத்த முறை அந்தப் பிள்ளை இன்னும் கிட்டப் போவார். வெறும் மணலில் முட்டையிடும் பறவைகள் நமக்கு உண்டு. தாய் பயந்து எழும்பினால் நம்மட வெயிலில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? அந்தத் தம்பி தூரத்திலேயே நின்றார். பாராட்ட வேண்டியது அதைத்தான்.

தம்பி, உங்கட முதல் படத்தைத் திரும்பப் போடுங்க. முதல் லைக் என்னுடையது.