நிறுத்துப் பார்த்து வாங்குவதற்கு இது தங்கமல்ல

சென்ற மாதம் இலண்டனில் வாழும் என் பெறாமகள் தொலைபேசியில் அழைத்தாள். வார இறுதிகளில் எண்பது, நூறு கிலோமீற்றர் என்று வீதிச் சைக்கிள் ஓட்டுபவள். "பெரியப்பா, இப்ப இருக்கிற கிறாங்கைக் கழற்றிப்போட்டு நல்லதா ஒண்டு பூட்டப் போறன். எது பாரம் குறைஞ்சது எண்டு சொல்லுங்கோ" என்றாள்.

நல்லது எது என்று அவள் கேட்கவில்லை. பாரம் குறைந்தது எது என்றே கேட்டாள். இரண்டும் ஒன்றுதான் என்று யாரோ அவளுக்குக் கற்பித்திருக்கிறார்கள். அந்த யாரோ யார் என்பது எனக்குத் தெரியும். நானும் வாழ்நாள் முழுவதும் உழைத்த தொழிலான பத்திரிகைத் தொழிலின் ஒரு கிளையே அது. விளம்பரதாரர் அனுப்பிய குறிப்பை அப்படியே எடுத்து, கிராம் கணக்கை முதல் வரியில் போட்டு, "விமர்சனம்" என்ற பெயரில் அச்சிடும் கிளை.

கணக்கைப் பார்ப்போம். கிறாங்க் தொகுதி என்பது பெடல்களைத் தாங்கும் இரண்டு கைகளும், சங்கிலியை இழுக்கும் பற்சில்லுகளும், இவற்றை இணைக்கும் அச்சும் சேர்ந்தது. ஷிமானோ நிறுவனத்தின் நடுத்தர 105 வரிசைக் கிறாங்குக்கும் உச்ச வரிசையான டூரா-ஏஸ் கிறாங்குக்கும் இடையில் எடை வித்தியாசம் ஏறத்தாழ 100 கிராம். ஓட்டுநரும் வண்டியுமாக 80 கிலோ என்று வைத்துக்கொண்டால் இது எண்ணூறில் ஒரு பங்கு. ஒரு மணி நேரம் இடைவிடாது மலை ஏறினாலும் இதனால் மிஞ்சுவது ஐந்து விநாடிக்கும் குறைவு. புறப்படுமுன் அரைக் குவளை தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டால் அதே பலன் கிடைக்கும். இதற்காகவே மனிதர் பல மடங்கு விலை கொடுக்கிறார்கள்.

விலை கொடுத்தால் உறுதியாவது கிடைக்குமே என்பார் சிலர். 2023 செப்ரெம்பர் 21ஆம் திகதி அமெரிக்க நுகர்வோர் உற்பத்திப் பாதுகாப்பு ஆணைக்குழு வெளியிட்ட அறிவித்தலை அவர்கள் வாசிக்க வேண்டும். 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரிக்கப்பட்ட, 11 வேக அல்டெக்ரா, டூரா-ஏஸ் வரிசைக் கிறாங்குகளுக்கான மீளழைப்பு அது. அமெரிக்காவில் மட்டும் ஏறத்தாழ 680,000. கனடாவையும் சேர்த்தால் 760,000. கிறாங்க் பிரிந்துபோன 4,519 சம்பவங்கள் பதிவாகியிருந்தன. எலும்பு முறிவு உட்பட ஆறு பேர் காயமுற்றிருந்தனர். விற்ற விலையோ 270 டொலர் முதல் 1,500 டொலர் வரை.

காரணத்தைக் கவனியுங்கள். இக்கிறாங்குகளின் கைகள் உள்ளே வெறுமையானவை. பாரத்தைக் குறைப்பதற்காக இரண்டு அலுமினியப் பாகங்களைப் பசையால் ஒட்டி உருவாக்கப்பட்டவை. ஒட்டு விட்டுப்போனால் கை பிளக்கும். இவ்வாறு ஒட்டப்படாத, விலை குறைந்த 105 வரிசை அந்த மீளழைப்பில் இல்லை. காசைக் கூடக் கொடுத்துப் பாரத்தைக் குறைத்தவர்களே பரிசோதனைக்கு வரிசையில் நின்றார்கள்.

நியாயமாகப் பேசுவோம். ஏழு இலட்சத்துக்கு நாலாயிரத்து ஐந்நூறு என்பது நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. பெரும்பாலானவை இன்றும் பழுதின்றிச் சுழல்கின்றன. ஆயினும் கிறாங்க் என்பது மணிக்கூட்டு முள்ளல்ல. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கும்போது உடலின் முழுப் பாரமும் அதன்மீதே இருக்கிறது. அதைவிட, மீளழைப்பு என்று பெயர் இருந்ததே தவிர, எல்லோருக்கும் புதிய கிறாங்க் கிடைக்கவில்லை. முகவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ஒட்டு விடுபடும் அறிகுறி தெரிந்தால் மாத்திரமே இலவச மாற்றீடு. இன்று நன்றாகத் தெரியும் ஒட்டு அடுத்த வருடமும் நன்றாக இருக்குமா என்ற கேள்வி வாங்கியவரின் தலையிலேயே விடப்பட்டது. இக்கட்டுரையை வாசிப்பவர்களில் பழைய வண்டி வாங்க எண்ணுவோர், கிறாங்க் கையின் உட்புறத்தில் பெடல் பூட்டும் இடத்துக்கு அருகே உள்ள இரண்டு ஆங்கில எழுத்துக்களை முதலில் பாருங்கள். முதலெழுத்து ஆண்டையும் அடுத்தது மாதத்தையும் குறிக்கும். கே-எஃப் என்றால் 2012 ஜூன். ஆர்-எஃப் என்றால் 2019 ஜூன். இந்த இடைவெளிக்குள் வரும் அல்டெக்ராவோ டூரா-ஏஸோ என்றால், பரிசோதித்த சான்றைக் கேளுங்கள்.

அவ்வாறாயின் தரம் என்பது என்ன? வண்டியில் ஏறுபவருக்குப் பொருந்துவதே முதல் தரம். என் பெறாமகளின் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். அவள் வண்டியில் இருந்த கிறாங்கின் நீளமோ 172.5 மில்லிமீற்றர். இரண்டு வருடங்களாக முழங்கால் நோ. வண்டி விற்ற கடையில் முறையிட்டபோது, "பழகப் பழகச் சரிவரும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். பெடல் வட்டத்தின் உச்சியில் அவளுடைய முழங்கால் எவ்வளவு மடிகிறது என்று குனிந்து பார்க்க அங்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. எடை மட்டும் விளம்பர அட்டையில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது.

நீண்ட கை, கூடிய நெம்புவிசை, ஆகவே கூடிய பலம் என்ற பழைய வாதம் எப்போதோ ஆட்டங்கண்டுவிட்டது. 2001இல் வெளிவந்த ஆய்வொன்றில், ஜிம் மார்ட்டினும் அவருடைய சக ஆய்வாளரும் 16 பயிற்சி பெற்ற ஓட்டுநர்களை 120 முதல் 220 மில்லிமீற்றர் வரையான ஐந்து நீளங்களில் ஓட்டவைத்து அளந்தார்கள். இரு அந்தங்களிலும்தான் உச்ச வலு குறைந்தது. 145 மில்லிமீற்றருக்கும் 170க்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. 2024இல் இத்தாலியச் சுற்றோட்டத்தையும் பிரான்ஸ் சுற்றோட்டத்தையும் ஒரே ஆண்டில் வென்ற ஸ்லோவீனியர் தடேய் போகாச்சர் அவ்வருடம் 165 மில்லிமீற்றர் கிறாங்கையே மிதித்தார். உலகின் முதல்நிலை வீரருக்குப் போதுமான நீளம், அவரிலும் உயரம் குறைந்த ஒரு பெண்ணுக்குப் போதாது என்பது எந்த ஊர் நியாயம்?

அடுத்தது பற்சில்லு. 53-39 பூட்டியவன்தான் ஓட்டக்காரன் என்ற வீறாப்பு எங்கள் ஆண்களிடம் இன்னும் இருக்கிறது. நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால், முன்னே 53, பின்னே 11 பற்களில் வண்டி மணிக்கு ஏறத்தாழ 54 கிலோமீற்றர் ஓடும். முன்னே 50 என்றால் 51. இந்த மூன்று கிலோமீற்றர் வித்தியாசம் எம்மில் எத்தனை பேருக்குத் தேவை? மறுபுறம், இறம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறுவது போன்றதொரு பாதையில் மணிக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகத்தில் செல்பவரை எண்ணுங்கள். முன்னே 39, பின்னே 25 என்றால் அவரால் நிமிடத்துக்கு 40 சுற்றுத்தான் மிதிக்க முடியும். ஒவ்வொரு சுற்றும் முழங்காலை நசுக்கும். முன்னே 34, பின்னே 32 என்றால் அதே வேகத்தில் 60 சுற்று. பெருமைக்குப் பூட்டிய பல்லுக்கு விலை கொடுப்பது முழங்கால்.

மூன்றாவது, கிறாங்கின் அச்சு சுழலும் கீழ்ப் பெயறிங் கூடு. ஒரு காலத்தில் திருகுச் சுரையால் இறுக்கும் ஆங்கில அளவுக் கூடு ஏறக்குறைய எங்கும் பொருந்தியது. பின்னர் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அளவை உருவாக்கியது. அச்சின் விட்டம் ஒன்றில் 24 மில்லிமீற்றர், இன்னொன்றில் 30, மற்றொன்றில் 28.99. திருகை ஒழித்து அழுத்திப் பொருத்தும் முறை வந்தது; கூடவே மிதிக்கும்போது எழும் கிரீச் ஒலியும் வந்தது. முடிவில் நடந்தது என்ன? ஸ்பெஷலைஸ்ட் நிறுவனம் தன் உச்ச வண்டியான டார்மாக்கை 2020இல் மீண்டும் திருகுக் கூட்டுடனேயே வெளியிட்டது. சுற்றி வந்து புறப்பட்ட இடத்தில் நின்றார்கள். இடைக்காலத்தில் வாங்கியவர்களின் காசுக்குக் கணக்கில்லை. ஆகவே கிறாங்கைத் தெரிவு செய்யுமுன் உங்கள் சட்டகத்தின் கூடு எது என்று அறியுங்கள். பொருந்தாத தங்கக் கிறாங்கை விடப் பொருந்தும் இரும்புக் கிறாங்க் மேலானது.

இரும்பு என்றதும் யாழ்ப்பாணம் நினைவுக்கு வருகிறது. 1990களின் முற்பகுதியில், குடாநாட்டுக்குள் எரிபொருள் வரத் தடை இருந்த காலத்தில், விறகும் நெல்மூட்டையும் நோயாளியும் சைக்கிளில்தான் போயின. றலியும் ஹம்பரும் லுமாலாவும் எங்கள் லொறியும் அம்புலன்சுமாகின. இரும்புக் கிறாங்கைக் கொட்டர் பின் ஒன்று அச்சோடு பிணைத்து வைத்திருக்கும். அது தேய்ந்து கை ஆடத் தொடங்கினால், சந்திக் கடைக்காரர் புதிய பின்னொன்றை அரத்தால் ராவிச் சுத்தியலால் அறைந்து விடுவார். பத்து நிமிட வேலை. பாரம் கூடியது, அழகில்லாதது, ஒத்துக்கொள்கிறேன். அந்தக் காலத்துக்குத் திரும்புங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்தக் கிறாங்க் பழுதானால் திருத்த முடிந்தது. பழுதாகப் போகிறது என்பதைக் காலுக்கு முன்கூட்டியே சொன்னது. இன்றைய ஒட்டுக் கிறாங்குகள் சிலவற்றில் இவ்விரண்டும் இல்லை என்பதே என் வழக்கு.

"மலிவானதை வாங்கு என்கிறீரா?" என்று கேட்கக்கூடும். இல்லை. பெயரில்லாத, சந்தை வலைத்தளங்களில் அரை விலைக்கு வரும் கார்பன் கிறாங்குகளைப் பக்கத்திலும் எடுக்காதீர்கள். வார்த்தெடுக்காமல் அடித்து உருவாக்கிய அலுமினியம், பெயர் தெரிந்த தயாரிப்பாளர், தேய்ந்தால் தனியாக வாங்கக்கூடிய பற்சில்லுகள், உங்கள் காலுக்கேற்ற நீளம், உங்கள் ஊர் மலைக்கேற்ற பற்கள், உங்கள் சட்டகத்துக்கேற்ற கூடு: இவை அனைத்தும் நடுத்தர விலையிலேயே கிடைக்கின்றன. பூட்டும்போது ஆணிகளைக் குறித்த அளவுக்கு இறுக்குங்கள். ஷிமானோவின் இடது கை ஆணிகளுக்கு அது 12 முதல் 14 நியூட்டன் மீற்றர். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துணியால் துடைத்து, வெடிப்பு உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள். சத்தம் வந்தால் தூசி என்று எண்ணி ஓட்டாதீர்கள்.

என் பெறாமகளுக்கு எடைக் கணக்கை நான் சொல்லவில்லை. "முதலில் உன் காலை அள" என்றேன். நூறு மைல் தூரத்துக்கு அவளைச் சுமக்கப்போவது அந்தக் கால்தான். கிறாங்கை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். முழங்காலை யாரும் மீளழைக்கப் போவதில்லை.